நாலாக மடித்தது எதற்கு

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அக்கா, அவள் கணவர் (எனக்கு மாமா), மாமாவின் அம்மா (அக்கா கூப்பிடுவதைப் பார்த்து நானும் அத்தை என்றே கூப்பிடுவேன்), குளியலறையில் அடைப்பு எடுக்க வந்த பிளம்பர், அப்புறம் நான். பிளம்பரைச் சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். சேர்த்துத்தான் ஆக வேண்டும். அவர் கை துடைக்கத் துணி கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நான் அங்கே ஒண்டிக்கொண்டிருந்தேன். பெரிய விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் இரவு வேலை பார்த்து, அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொன்னேன். எல்லாமே உண்மைதான். மாமா காரணம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். மாடி அறையில் நான் தொடர்ந்து இருக்கலாமா, மூட்டையைக் கட்ட வேண்டுமா என்பதுதான் பேச்சு. எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதனால் சனிக்கிழமையே ஏதாவது உருப்படியாகச் செய்து காட்டிவிட நினைத்தேன்.

அந்த வீட்டில் துடைப்பதற்கெல்லாம் ஒரே துணி. முன்பு காகிதச் சுருள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். காசைக் கிழித்துக் குப்பையில் போடுகிற வேலை என்று மாமா அதை நிறுத்திவிட்டு, மொத்தக் கடையிலிருந்து மலிவான வெள்ளைத் துண்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போட்டார். கைக்குட்டையைவிடப் பெரியது, குளியல் துண்டைவிடச் சின்னது. துடை, துவை, காயப்போடு, மறுபடி துடை. தட்டுக்கும் தரைக்கும் கழிப்பறைக்கும் அதே துண்டு. எல்லாவற்றையும் வைக்கப் படிக்கட்டுக்குக் கீழே ஒரே அலமாரித் தட்டு. இந்த ஏற்பாட்டில் மாமாவுக்குப் பெருமை உண்டு. வருகிறவர்களிடம் திறந்து காட்டுவார்.

சனிக்கிழமை நான் அழுக்குக் கூடையையும் அலமாரியையும் ஒன்றாகக் கவிழ்த்தேன். வெந்நீரில் ஊறவைத்து, கசக்கி, அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் விடுதியில் மடிப்பது போலவே மடித்தேன்: நீளவாக்கில் மூன்றாக, குறுக்கே ஒன்று, ஓரம் உள்ளே. அங்கே ஓரம் வெளியே தெரிந்தால் மேற்பார்வையாளர் அடுக்கையே தள்ளிவிடுவார். அலமாரியில் அடுக்கிவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலை பிளம்பர் முழங்கை வரை கறுப்பாக வெளியே வந்து, பழைய துணி ஏதாவது கொடுங்கள் என்றார். அக்கா அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"யாருடா இதத் தொட்டது?"

நான்தான் என்றேன். பாராட்டப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"இதுல எது எது?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். நாலாக மடித்தது சமையலறைக்கு. சுருட்டி வைத்தது தரைக்கு. வெறுமனே இரண்டாக மடித்தது கழிப்பறைக்கு. மடிப்பைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த மடிப்பைத்தான் நான் கலைத்திருந்தேன்.

துவைத்தாயிற்றே, எல்லாமே சுத்தம்தானே என்று கேட்டேன்.

"கக்கூஸ் தொடச்ச துணியத் துவைச்சா அது தட்டு தொடைக்கிற துணி ஆயிடுமா?"

ஆகுமா, ஆகாதா? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. விடுதியில் யார் தலை வைத்த தலையணை உறை யார் தலைக்குப் போகிறது என்று எவனும் கேட்டதில்லை.

அதற்குள் அத்தை வந்துவிட்டார். மோந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று மொத்தத்தையும் வாரிச் சாப்பாட்டு மேசைமேல் கொட்டினார். சாப்பிடுகிற மேசையிலா என்று அக்கா பதறினாள். அத்தை காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் மூன்று குவியல் போட்டார். பிறகு ஒரு குவியலிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டார். பிறகு எல்லாமே சோப்பு வாடை அடிக்கிறது என்று என்னைப் பார்த்து முறைத்தார். மாமா செய்தித்தாளோடு வந்து ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தரைத் துணி என்றால் சீக்கிரம் இத்துப்போயிருக்கும் என்று பிளம்பர் யோசனை சொன்னார். எல்லாமே ஒரே மாதிரி இத்துப்போயிருந்தன. பிளம்பர் இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். யாரும் அவருக்குத் துணி கொடுக்கவில்லை. எதைக் கொடுப்பது?

நான் உதவி செய்யத்தான் நினைத்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துச் சமையலறைத் துணியை எப்படி மடிப்பீர்கள் என்று காட்டுங்கள், இனிமேல் நான் அப்படியே மடித்து வைக்கிறேன் என்றேன். அக்கா ஒன்றை எடுத்தாள். அத்தையும் ஒன்றை எடுத்தார். இருவர் கைகளும் பழக்கத்தில் தானாக ஓடின.

அக்கா நாலாக மடித்து வைத்தாள். அத்தை சுருட்டி வைத்தார்.

மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அத்த, சுருட்டுனது தரைக்கு."

"தரைக்கா? நாலா மடிச்சதுதானம்மா தரைக்கு. வந்த நாள்லேருந்து அப்படித்தான்."

எந்த நாளிலிருந்து என்று அக்கா கேட்டாள். முதல் துண்டுக் கட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்றார் அத்தை. காலையில் வீடு துடைப்பது அக்கா. மாலையில் பாத்திரம் கழுவித் துடைத்து அடுக்கி, சமையலறைத் தரையையும் துடைப்பது அத்தை. அப்படியானால் அக்கா தரை துடைத்துத் துவைத்துச் சுருட்டி வைத்ததை எடுத்து, அத்தை தட்டு துடைத்திருக்கிறார். அத்தை நாலாக மடித்து வைத்த தரைத் துணியால் அக்கா அடுப்பு மேடையைத் துடைத்திருக்கிறாள். இதை நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவர்களும் அதையேதான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று முகத்தில் தெரிந்தது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறாரே.

"நீங்க எப்படி மாமா எடுப்பீங்க?"

மாமா செய்தித்தாளை மடித்தார். "மேல இருக்கறத எடுப்பேன்" என்றார்.

பிளம்பர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அப்ப நான் எதையும் குழப்பலியே. இங்க யாருக்குமே எது எதுன்னு தெரியாதே."

சரியாகத்தான் சொன்னேன். இப்போது யோசித்தாலும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அத்தை எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அக்கா தட்டு, டம்ளர், கரண்டி என்று சமையலறை அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கித் தொட்டியில் போட ஆரம்பித்தாள். சத்தம் போட்டுத்தான் போட்டாள். உள்ளேயிருந்து, எனக்கு வேலை தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று அத்தையின் குரல் வந்தது. நான் அப்படிச் சொன்னேனா என்று அக்கா சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

மாமா என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். பேச்சு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"துணியக் கலந்ததுக்கு உன்ன நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்பா" என்றார். குரலில் கோபமே இல்லை. "நல்லாத்தான் துவைச்சிருக்க. ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இதுவரைக்கும் ஒரு சண்ட கெடையாது. இப்ப பாரு."

துணி விஷயத்தில் என் தப்பு என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். "சாயங்காலத்துக்குள்ள கெளம்பிடு."

தப்பு இல்லையென்றால் ஏன் கிளம்ப வேண்டும்? கேட்கத்தான் வாயெடுத்தேன். கேள்வி கேட்டதால்தானே இவ்வளவு தூரம் வந்தது என்று விட்டுவிட்டேன். மாலைவரை அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? மேலே போய்ப் பையை எடுத்து வந்தேன்.

அக்கா தொட்டியிலிருந்து திரும்பவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பிறகு கழுவிக் குவித்த தட்டுகளைப் பார்த்தாள். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க அவள் கை எதையும் எடுக்கவில்லை.

"தட்டு காயட்டும், இரு."

எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பரவாயில்லை, வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். பிளம்பர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசியில் அவர் கையைத் தன் கால்சட்டையிலேயே துடைத்திருந்தார்.

மாமா வாசல்வரை வந்தார். வேலை கிடைத்ததும் சொல்லு என்றார். சரி என்றேன். நான் இறங்கியதும் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பகலில் அந்தக் கதவைப் பூட்டமாட்டார்கள். சாவி திரும்பியது.