வாளியக்காவின் எட்டு நாள்

கோவில்பிள்ளை பொய் சொல்லவில்லை. தேவாலயத்தில் மணியடிப்பதிலிருந்து பூசைக்கு எடுத்து வைப்பதுவரை பார்க்கும் அந்த மனிதர், இதை அந்த வாரம் முழுக்கத் தனக்குத்தானே ஒரு நூறு தடவையாவது சொல்லிக்கொண்டிருப்பார். பாஸ்கா மெழுகுதிரி எப்படி உடைந்தது என்று பங்குத்தந்தை கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "மேசைமேல இருந்துச்சு ஃபாதர். வாளியக்கா தரை துடைச்சிட்டிருந்தாங்க." மேசைமேல் இருந்தது உண்மை. அக்கா துடைத்துக்கொண்டிருந்ததும் உண்மை. நடுவில் நடந்ததை மட்டும் விட்டுவிட்டார். ஆனால் நடந்ததே அந்த நடுவில்தானே!

ஈஸ்டருக்கு முந்தின புனித சனிக்கிழமை காலை, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பின்னறையில் நடந்தது அது. நான்கு அடி உயரம், கை கனத்துக்குப் புதுத் திரி, அன்றுதான் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது. வருடத்துக்கு ஒன்றுதான். அன்றிரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் அதிலிருந்துதான் கோவில் முழுக்கத் தீபம் பரவ வேண்டும். கோவில்பிள்ளை அதை இரண்டு கையாலும் தூக்கி, அதற்குரிய விளக்குத் தண்டில் நிறுத்தப் போனார். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. வீட்டுக்காரி. இவர் ஒரு கையைத் திரியிலிருந்து எடுத்துக் கைபேசியை எடுத்தார். "என்னடி?" என்று கேட்பதற்குள் திரி தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான், சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தப் பின்னறைச் சுவரில், பூசை அங்கிகள் தொங்கும் அலமாரிக்கு மேலே, கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதே: 'இந்த அறையில் கைபேசி பேசக் கூடாது. இப்படிக்கு, கோவில்பிள்ளை.' கீழே கையெழுத்து வேறு. அதைக் காட்டிக் காட்டி அவர் வாங்கு வாங்கென்று வாங்காத ஆள் பங்கிலேயே இல்லை. பாடகர் குழுத் தலைவரை ஒரு தடவை வெளியே நிற்க வைத்தே பேசச் சொன்னார். இருபத்தொன்பது வருடமாகக் கட்டிக் காத்த மரியாதை. அது போய்விடுமே என்ற பயத்தில்தான் அந்த நடுவை விழுங்கிவிட்டார்.

வாளியக்கா வாசற்படியில் துடைப்பானோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பார்த்ததை இவரும் பார்த்தார்.

அவளுக்கு வாளியக்கா என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. நீல வாளி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கோவில்பிள்ளையைவிட ஆறு வயது இளையவள். ஊரே அக்கா என்றதால் இவருக்கும் அக்கா. அவளுக்கு இவர் அண்ணன். பன்னிரண்டு வருடமாக இந்த உறவு முறையில் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

பங்குத்தந்தைக்கு அன்று தலைக்குமேல் வேலை. உபவாசம் வேறு. உடைந்த திரியைப் பார்த்ததும் "ஐயோ!" என்று தலையில் கை வைத்தார். கோவில்பிள்ளை சொன்ன இரண்டு வாக்கியத்தைக் கேட்டார். திரும்பினார்.

"போன மாசம் பூச்சாடி, இப்ப இதா? போதும்மா. திங்கள்கிழமையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

அக்கா கோவில்பிள்ளையைப் பார்த்தாள். அவர் குனிந்து மெழுகுத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கி முடித்து நிமிர்ந்தபோது துடைப்பான் பிழியப்பட்டுச் சுவரோரம் நின்றது. வாளி முற்றத்துக் குழாயடியில் கவிழ்ந்து கிடந்தது. ஆள் இல்லை.

கத்தியைச் சூடாக்கித் திரியை ஒட்டினார்கள். ஒட்டின இடத்தில் வெள்ளை ரிப்பன் சுற்றிப் பூ வைத்தார்கள். திருவிழிப்பில் யாரும் கவனிக்கவில்லை. நாற்பது நாள் தவக்காலம் முடிந்து அன்றுதான் மறுபடி அல்லேலூயா பாடினார்கள், மணியெல்லாம் சேர்ந்து அடித்தது, சனம் முகமெல்லாம் சிரிப்பாகக் கை குலுக்கியது. கோவில்பிள்ளைக்கு வருடத்தில் மிகப் பிடித்த நேரம் அதுதான். இந்த வருடம் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெரிய வெள்ளி தொடங்கி ஒன்பது நாள், பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்க நவநாள் நடக்கும். செபப் புத்தகத்தை வாசிப்பது கோவில்பிள்ளை. அடுத்த ஞாயிறு இறை இரக்கத் திருநாள். வாளியக்கா வேலை முடிந்த கையோடு கடைசிப் பெஞ்சில், தூணோரம், வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து செபமாலை சொல்லுவாள். பெரிய வெள்ளியன்றும் இருந்தாள். அதன்பிறகு அந்த இடம் காலி. "வாளியக்காவைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். "தெரியலையே" என்றார் கோவில்பிள்ளை. இது கலப்படமில்லாத பொய்.

இதற்கிடையில் கோவிலைக் கூட்டித் துடைக்க ஆள் வேண்டாமா? இவரே துடைத்தார். புதன்கிழமைக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"வீட்டுல ஒரு நாள் துடைப்பத்தைத் தொட்டிருப்பீங்களா?" என்று தைலம் தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரி கேட்டாள். "இப்ப கோவிலையே துடைக்கறீங்க. என்ன வேண்டுதல்?"

"வாயை மூடிட்டுத் தேய்."

"ஏன், அந்த அக்கா எங்க?"

அவர் குப்புறப் படுத்திருந்ததால் முகத்தை மறைக்கும் வேலை மிச்சம்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். இறை இரக்க ஞாயிற்றுக்கு முன்னால் எல்லோரும் போவதுதான், வரிசை நீளமாக இருந்தது. கடைசி ஆளாக நின்று, பெட்டிக்குள் முழந்தாளிட்டார். பெரிய பாவத்தை நடுவில் வைத்து, முன்னாலும் பின்னாலும் சில்லறைப் பாவங்களை அடுக்கினார். காலைச் செபம் தவறியது, வீட்டுக்காரியை அதட்டியது, மெழுகுதிரி, பாடகர் குழுவைப் பற்றிப் புறம் பேசியது. 

"ஒரு அப்பாவி பேரைக் கெடுத்திருக்கீங்க" என்றார் பங்குத்தந்தை தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து. குரல் ஒரு மாதிரி இருந்தது. "கடவுள் மன்னிக்கிறார். ஆனா போன பேரை நீங்கதான் திருப்பித் தரணும். செய்வீங்களா?"

"செய்யறேன் ஃபாதர்."

மூன்று நிமிடம். வெளியே வந்தபோது அப்பாடா என்றிருந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். ஃபாதருக்குத் தெரிந்துவிட்டது, இனி ஃபாதர் பார்த்துக்கொள்வார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே விடமாட்டார் என்பது கோவில்பிள்ளைக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் யார் பெயரையும் சொல்ல வேண்டாமே! 'போனது போகட்டும்மா, வேலைக்கு வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லி அழைத்தால் முடிந்தது. இதுதான் அவர் போட்ட கணக்கு.

வியாழக்கிழமை பங்குத்தந்தை அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு துப்புரவு நிறுவனத்து ஆள் வந்து, நாடாவை விரித்துக் கோவில் தரையை நீளம் அகலம் அளந்தார். ஞாயிறு பூசை முடிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து, திங்கள் முதல் வேலை என்று பேச்சு. அந்த நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது நம் கோவில்பிள்ளைதான்.

அவருக்கு வந்ததே கோபம். தன் மேல் அல்ல, பங்குத்தந்தை மேல். எல்லாம் தெரிந்துகொண்டே இப்படியா செய்வார் ஒரு மனிதர்? அந்த அக்காவின் வயிற்றில் அடிக்கிறோமே என்று மனசு உறுத்தாதா? இரக்கம், இரக்கம் என்று தினம் மூன்று மணிக்கு மைக்கில் சொன்னால் போதுமா? சனிக்கிழமை முழுக்க இப்படியே பொருமிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை முதல் பூசைக்கு அரை மணி முன்னால் பின்னறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பங்குத்தந்தை நீளமான வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, இடுப்புக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

"ஃபாதர், அந்தத் துப்புரவு விஷயம். இன்னிக்குக் கையெழுத்துப் போடத்தான் போறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல... நான் புதன்கிழமை சொன்னேனே."

"புதன்கிழமை பீடத்துக்குப் பூ போதாதுன்னு சொன்னீங்க."

"அது இல்ல ஃபாதர். சாயங்காலம். அங்க." பாவசங்கீர்த்தனப் பெட்டி இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் பங்குத்தந்தை.

'அடப்பாவி!' என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, அந்த நேரம் ஃபாதரின் கையைப் பார்த்தார். கயிற்றை முடிந்து, அவிழ்த்து, மறுபடி முடிந்து, மூன்றாவது தடவையும் அவிழ்த்துக்கொண்டிருந்தது கை. கண் இரண்டும் தூங்காத கண். யோசித்துப் பார்த்தால் புதன்கிழமையிலிருந்து இந்த மனிதர் தன் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை, நல்லதோ கெட்டதோ, பேசவில்லை. பேச முடியாது. கேட்டது பெட்டிக்குள், அதை வைத்து ஒரு சின்ன விரலைக்கூட வெளியே அசைக்க முடியாது. அந்த அக்காவுக்கு உதவக்கூடிய ஒரே ஆளின் வாயைத் தேடிப் போய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறேனே என்று கோவில்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலாவது ஃபாதர் நாலு பேரிடம் விசாரித்திருப்பார். இப்போது அதுவும் இல்லை. சீ, என்ன மனுஷன் நான் என்று அருவருப்பாக இருந்தது.

"ஃபாதர், இப்ப நான் வெளியே நின்னு சொல்றேன். அந்தத் திரியை உடைச்சது நான்தான்."

பங்குத்தந்தை பக்கத்திலிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு ஒன்று நீளமாக வந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். "ஒண்ணு விடாம."

தெரிந்த கதையை இப்படியா கேட்பார்கள்! எத்தனை மணிக்கு? அப்போது அக்கா எங்கே நின்றார்? கை ஏன் தவறியது? கைபேசியா, யார் பேசினது? ஒவ்வொன்றாகக் கேட்டார், இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கைபேசி என்ற இடம் வந்தபோது இரண்டு பேருமே சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"பயம் ஃபாதர். என்னை எல்லாரும் சிரிப்பாங்களேன்னு."

பங்குத்தந்தை எழுந்து துப்புரவு நிறுவனத்து ஆளைக் கைபேசியில் பிடித்தார், அதே அறையில் நின்று. வேண்டாம், ஆள் இருக்கிறார்கள், மன்னிக்கணும் என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"நானும் அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் பாட்டுக்கு அனுப்பிட்டேன். அது என் தப்பு, அதைப் பூசையில நானே சொல்லிக்கறேன். சாயங்காலம் வீட்டுக்கும் போறேன். நீங்க இப்பவே போங்க."

"இப்பவேவா? பூசை இருக்கே! மணி யாரு அடிப்பா?"

"இருபத்தொன்பது வருஷம் நீங்க அடிச்சீங்கல்ல? இன்னிக்கு வேற யாராவது அடிப்பாங்க. கிளம்புங்க."

"ரெண்டாவது பூசைக்கு வந்துடறேன் ஃபாதர். என் பங்கை நானே மைக்கில சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாளியக்கா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிடித்துக்கொண்ட இடுப்போடு கைப்பிடியைப் பற்றி ஏறினார். கடைசிப் படியில் கால் வைக்கும்போதே கதவு திறந்தது. தட்டவே இல்லை. உள்ளே தேய்க்க வேண்டிய துணிகள் கட்டிலில் குவிந்திருந்தன. அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். உடைச்சது நான், பழி உங்களுக்குன்னு சொல்லிட்டேன். நீங்க நாளைக்கே வேலைக்கு வரலாம். ஃபாதரும் சாயங்காலம் வர்றார்." மூச்சிரைக்க இரைக்கச் சொல்லி முடித்தார். அதோடு நிற்காமல், "நீங்க பாத்தீங்கதானே, அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்றும் கேட்டுவிட்டார்.

"சொன்னா? என் பேச்சா உங்க பேச்சான்னு வந்திருக்கும். எது நின்னிருக்கும்ணே?"

கோவில்பிள்ளை படிக்கட்டின் கைப்பிடியை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"எட்டு நாள்" என்றாள் அக்கா. "இந்தப் படியில யார் காலடி கேட்டாலும் அண்ணன் வந்துட்டாருன்னு எழுந்து நின்னேன். பால்காரர், மேல் வீட்டுப் பொண்ணு, மின்சார பில்லு குடுக்கறவர், எல்லாருக்கும் எழுந்து நின்னேன். செவ்வாய்க்கிழமையோட விட்டுடலாம்னு பாத்தேன், முடியல. நவநாளுக்கு வரணும்னு ஆசை. ஆனா நீங்க அங்க புத்தகத்தை வச்சுக்கிட்டு இரக்கம் வேணும்னு வாசிப்பீங்களே, அதை உக்காந்து கேக்க என்னால ஆகாதுன்னு வரல."

கோவில்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, அடங்காமல், அறுபதை நெருங்கும் மனிதர் வாசலில் நின்று அழுதார். "என்னை மன்னிச்சிடுங்க அக்கா."

அக்கா அவர் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வர்றேன். அது என் வேலை, வர்றேன்" என்றாள். "மன்னிப்பு கேட்டீங்க. இப்ப உள்ள தேடிப் பாத்தா இல்லண்ணே. இருக்குன்னு சும்மா சொல்ல எனக்கு வரல. வராம போகாது. வந்ததும் நானே உங்ககிட்ட வந்து சொல்றேன்."

புதன்கிழமை மூன்று நிமிடத்தில் கிடைத்ததை நினைத்துக்கொண்டார். ஃபாதர் மன்னித்துவிட்டார், கடவுளே மன்னித்துவிட்டார் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நல்லவேளையாகச் சொல்லவில்லை.

"சரிக்கா" என்றார். "எத்தனை நாள் ஆனாலும் நான் காத்துட்டிருக்கேன்."

அக்கா கதவிலிருந்து கையை எடுத்துக் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.

"மூச்சு வாங்குது உங்களுக்கு. உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.