கெட்டித் தேநீர், ஒரே கிண்ணம்

ஜப்பான் டீ போடக் கற்றுத்தரும் வகுப்பில் வருங்கால மாமியாரை முதன்முதலாகப் பார்த்த மதுரைக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாம் நான் காதலிக்கும் அருண்பாண்டியின் யோசனை. அவனுக்குச் சோழவந்தான், வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். சாதிக் கணக்கில் எங்களைக் கீழே வைத்திருப்பவர்கள். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் அம்மா சீனியம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

"கே.கே. நகர்ல ஒரு கிளாஸ் நடக்குது அஸ்வினி. பொது இடம், அம்மா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. உன்னையப் பிடிச்சுப்போச்சுன்னா நிச்சயத்துக்கு நாள் சொல்லிருவாங்க" என்றான். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் இந்தக் கல்யாணம் வேண்டும். அவனை அம்புட்டுப் பிடிக்கும், என்ன செய்ய?

சொல்லிக்கொடுத்த மீனா மேடம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவர். பச்சைப் பொடியைச் சலித்துக் கிண்ணத்தில் போட்டு, கொதித்து ஆறிய வெந்நீரை ஊற்றி, மூங்கில் குச்சிகளைச் சீவிச் செய்த மத்தால் கலக்க வேண்டும்.

"என்னத்தா இது, மருதாணி அரைச்சு வச்ச மாதிரியில்ல இருக்கு!" என்றார் சீனியம்மாள். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நல்ல மனுஷிதான் என்று தோன்றியது.

கடைசியாகக் கெட்டித் தேநீர். "இதை ஒரே கிண்ணத்துல எல்லாரும் வாய் வச்சுக் குடிக்கணும். குடிச்சதும் விளிம்பைத் துடைச்சு அடுத்தவங்க கையில கொடுக்கணும். அதுதான் மரியாதை" என்ற மீனா மேடம் முதல் கிண்ணத்தைத் தானே கலக்கித் தந்தார். அருண் குடித்தான். அடுத்து அவன் அம்மா, விளிம்பில் வாய் வைத்தே குடித்தார். துடைத்து என்னிடம் தந்தார். நானும் குடித்தேன். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த கிண்ணம் நான் கலக்கியது. "நீங்களே முதல்ல குடிங்க" என்றார் மேடம். குடித்து, நன்றாகத் துடைத்து, இரண்டு கையாலும் சீனியம்மாளிடம் நீட்டினேன்.

வாங்கியவர் விளிம்பைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, கிண்ணத்தை முகத்துக்கு மேலே தூக்கிச் சாய்த்தார். செம்புத் தண்ணீரா அது, சட்டென்று விழ? இன்னும் சாய்த்தார். பாதிக்கு மேல் ஒரேயடியாகச் சரிந்து மோவாய், கழுத்து, சந்தனக் கலர்ப் பட்டு எல்லாம் பச்சை.

"ஐயய்யோ!" என்று மீனா மேடம் துண்டு எடுக்க ஓடினார். நான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன்.

"பழக்கம் தாயி. நாங்க எதையும் அண்ணாந்துதேன் குடிப்போம்."

அப்படியா? அப்போ மகனுக்கு அடுத்துக் குடித்தது எந்த வாயாம்? போகட்டும், அந்தக் காலத்து ஆள், பழகினால் மாறிவிடுவார் என்று மனசைத் தேற்றினேன்.

அடியில் மிச்சமிருந்த கிண்ணம் அருணிடம் போனது. ஒரே ஜிகர்தண்டாவை ஒரே ஸ்ட்ராவில் என்னோடு உறிஞ்சுகிறவன் அவன்.

"எனக்கு அசிடிட்டி மேடம்" என்று தலையைக் குனிந்தபடி கிண்ணத்தைப் பாயில் வைத்துவிட்டான்.

கீழே வாசலுக்கு வந்ததும் சீனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேலை போனாப் போகுது. நல்ல பிள்ளையா இருக்க. ஆவணியில நிச்சயத்த வச்சுக்கிருவோம்."

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றான் அருண்.

இந்த வார்த்தைக்காகத்தான் காத்துக் கிடந்தேன். வந்தபோது அழுகைதான் முட்டியது.

"வேணாம் அத்தை."

"ஏய், என்னாச்சு? அம்மாதேன் சரின்னுட்டாங்கள்ல?"

"அவங்க என்னைய இன்னைக்குத்தான் பாக்குறாங்க அருண். அவங்க மேல எனக்குக் கோவமில்ல. நீ ஏன் குடிக்கல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவன், அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.