சிங்களத்தில் எழுதிய பெட்டிசம்

முனவ்வரா டீச்சர் கண்டக்குழியில் பிறந்தவள். கற்பிட்டிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருஷமாக இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பெருநாளுக்குக்கூட பழைய சாரியைத் தேய்த்து உடுத்துகிற அவள், வருஷத்தில் ஒரு நாள் மட்டும் புதுச்சாரியோடு வெளிக்கிடுவாள். அது பெப்ரவரி நாலாந் தேதி, இலங்கையின் சுதந்திர தினம்.

யுத்தம் முடிகிற வரைக்கும் அந்த நாளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பெரிதாக எடுத்ததில்லை. கொடி ஏறும், பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தமிழில் அரைகுறையாக முணுமுணுக்கும், ஆளுக்கு ஒரு டொபி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் எல்லாம் மாறியது. கடற்படை அதிகாரி ஒருவர் விருந்தாளியாக வருவதாகச் சொன்னார்கள். கீதத்தைச் சிங்களத்தில் பாடினால்தான் நல்லது என்று ஒரு கதையும் வாய்வழியாக வந்தது. எழுத்தில் ஒன்றும் வரவில்லை. ஆனால் யாருக்கும் எதிர்த்துக் கேட்கிற மனமும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அதைப் பிழையில்லாமல் பாடத் தெரிந்தவள் முனவ்வரா ஒருத்திதான். வாப்பா சிலாபத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்த காலத்தில் அங்கே சிங்களப் பள்ளியில் படித்தவள் அவள். வரிகளைத் தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இரண்டு கிழமையில் முந்நூறு பிள்ளைகளையும் பாடவைத்துவிட்டாள். விழா முடிந்ததும் அந்த அதிகாரி அவளைத் தேடிவந்து, "டீச்சர் எங்கட ஆளோ எண்டு நினைச்சன்" என்று சிங்களத்தில் சொன்னார். அதைப் பல நாள் அவள் தன் புருஷன் நளீரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து ஆறு வருஷம், கொடிமரத்துக்குப் பக்கத்தில் மைக்கின் முன்னால் நின்றவள் அவள்தான்.

2016ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட விழா முடித்து வீட்டுக்கு வந்தபோது, நளீர் தொலைக்காட்சிக்கு முன்னால் கண் கலங்க நின்றுகொண்டிருந்தான். கொழும்பில் நடந்த அரச விழாவைத் திரும்பக் காட்டினார்கள். கடைசியில் கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள்.

"பாத்தீங்களா, நம்மட பாசையில! எத்தின வருஷத்துக்குப் பொறகு!" என்றான் அவன்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று முனவ்வராவுக்கும் தெரிந்தது. ஆனால் தன்னுடைய கதிரையை யாரோ பின்னாலிருந்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அடுத்த வருஷம் ஜனவரியில், பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமையே அதிபர் மஸாஹிர் கூட்டம் வைத்தார்.

"இந்த முறை நாங்க தமிழ்ல பாடுவம். யாருக்கு ஒழுங்காத் தெரியும்?"

ஆசிரியர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனவ்வரா கையை உயர்த்தப் போனாள். தமிழில் மூன்றாவது அடிக்குமேல் தனக்கு வராது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தன் தாய்ப்பாசையில் தனக்கு அது தெரியாது. கை மடியிலேயே கிடந்தது.

"எனக்குத் தெரியும் சேர்," என்றாள் ஸக்கியா.

ஸக்கியா மன்னார் எருக்கலம்பிட்டிக்காரி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, பதினொரு வயதில் உம்மா வாப்பாவோடு வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவள். அப்போது முனவ்வராவுக்கு இருபது வயது. கரைக்குச் சோற்றுச் சட்டி தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவளும் ஒருத்தி. தன் சின்ன வயதுச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததும் அவள்தான். அன்றிலிருந்து ஸக்கியாவுக்கு முனவ்வரா 'ராத்தா', கூடப் பிறக்காத அக்கா. இப்போது ஸக்கியாவும் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். முகாம் என்று இன்றைக்கும் பேர் போகாத குடியிருப்பில், கல்வீட்டில் இருந்தாள்.

"ஒருக்காப் பாடிக் காட்டுங்க டீச்சர்," என்றார் அதிபர்.

ஸக்கியா எழுந்து நின்று பாடினாள். ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். குரல் இறுக்கமில்லாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல் வந்தது. முடிந்ததும் கணித டீச்சர் பஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது வருஷத்துல இண்டைக்குத்தான் அதில என்ன சொல்லியிரிக்கெண்டு கேட்டன்," என்றாள்.

முனவ்வராவும் கைதட்டினாள். கைதட்டும்போது அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: என்ட சட்டையப் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச புள்ள.

அடுத்த நாளிலிருந்து காலைக் கூட்டம் முடிந்ததும் பயிற்சி நடந்தது. சிங்களத்தில் பாடவைக்க முனவ்வராவுக்கு இரண்டு கிழமை பிடித்தது. ஸக்கியாவுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. பிள்ளைகள் இடைவேளையிலும் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், எங்கே போனாலும் அதுதான். ஒரு நாள் ஸக்கியா கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினாள். எருக்கலம்பிட்டியில் பழைய வீட்டு வளவில் அவள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் படம்.

"கூரை போட்டாச்சு ராத்தா. கதவுதான் பாக்கி. ஒங்களுக்கு மட்டும்தான் காட்டுறன், வேற ஆருக்கும் சொல்லாதீங்க. போறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியா. தெரிஞ்சா ஊர்ச்சனம் இப்பவே என்னப் பிரிச்சிப் பாப்பாங்க."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்," என்றாள் முனவ்வரா.

அந்த வெள்ளிக்கிழமை நளீர் ஜும்மாவுக்குப் போயிருந்தான். வீட்டில் யாரும் இல்லை. முனவ்வரா ஒரு கொப்பித்தாளைக் கிழித்து எடுத்து மேசைக்கு முன்னால் குந்தினாள். கல்வி அலுவலகத்துக்கு, பேர் போடாமல், அழகான சிங்களத்தில் ஒரு முறைப்பாடு, ஒரு பெட்டிசம் எழுதினாள். சிங்களத்தில் எழுதினால்தான் அங்கே கவனிப்பார்கள் என்று நினைத்தாள். அதோடு, தனக்கு நன்றாக வருவதும் அதுதானே. எழுத எழுத அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நளீர் தொழுதுவிட்டு வந்தபோது கடிதம் உறையில் ஒட்டப்பட்டு அவள் கைப்பைக்குள் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, ஜனவரி கடைசி நாள், அதிபர் எல்லோரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு நீளக் கடித உறை.

"பெட்டிசம் ஒண்டு போயிரிக்கி. அதிட பிரதியை அனுப்பி விளக்கம் கேட்டிரிக்கிறாங்க. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. முனவ்வரா டீச்சர், எல்லாரும் கேக்கிற மாதிரித் தமிழ்ல சொல்லுங்க."

அவள் தாளை வாங்கினாள். தன் கையெழுத்து. எழுத்துகளின் வால் சுழிகூடத் தன்னுடையது. ஆனால் அந்த அறையில் சிங்களக் கையெழுத்தை இனங்காணக்கூடியவர்கள் யாரும் இல்லை. எதிரே ஸக்கியா கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஸக்கியா எண்ட ஆசிரியை... பெற்றாருட விருப்பத்துக்கு மாறா... பிள்ளைகளத் தமிழ்ல பாடச் சொல்லிப் பழக்குறா," என்று தொடங்கினாள் முனவ்வரா. "இதால பக்கத்துக் கிராமங்களோட பிரச்சினை வரும்."

"ஆரு சொன்ன பெற்றார்?" என்றாள் பஸீனா. அதிபர் கையைக் காட்டி அடக்கினார். "வாசிங்க டீச்சர்."

நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று பயந்து முனவ்வரா வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "அவ இந்த ஊர் ஆள் இல்ல. வந்து குடியேறின அகதி. வாக்குப் பதிவு மன்னார்ல. வீடும் அங்கதான் கட்டுறா. கூரை போட்டாச்சு, கதவு போட்டதும் போயிடுவா—"

சொல் வாயை விட்டுப் போனபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வரியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

ஸக்கியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. தெரிந்த ஒருவரைத் தெருவில் கண்டு, அவர்தானா என்று நின்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு கொப்பிகளை அடுக்கினாள்.

"நான் பாட மாட்டன் சேர்."

"டீச்சர், இதுக்கெல்லாம்—"

"இல்ல சேர். பழையபடி சிங்களத்திலயே நடக்கட்டும். முனவ்வரா டீச்சருக்கு அது நல்லா வரும்."

ராத்தா என்ற சொல் அங்கே இல்லை. மற்றவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வீண் பிரச்சினை வேண்டாம் என்று அதிபரும் ஒத்துக்கொண்டார். முனவ்வரா கேட்டது கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மணி அடித்து வகுப்புக்குப் போகிற வரைக்கும் அவளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. எந்தச் சாரியை உடுத்துவது என்றுகூட யோசித்துவிட்டாள். மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி மறுபடி சிங்களத்தில் தொடங்கியபோது அவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள். ஆறு வருஷப் பழக்கம். ஆனால் ஸக்கியா பாடியபோது அவர்களுடைய கண்கள் எங்கேயோ போயிருந்ததை அவள் பார்த்திருந்தாள். இப்போது எல்லாக் கண்களும் முனவ்வராவின் கையசைவையே பார்த்துக்கொண்டிருந்தன, எப்போது முடியும் என்று.

அதையும் அவளால் பொறுக்க முடியவில்லை. பாடாமல் இருந்தும் ஸக்கியாவே ஜெயிக்கிறாளே என்று எரிந்தது.

ஆசிரியர் அறையில் ஸக்கியா பார்த்த பார்வை இரவெல்லாம் அவளை விடவில்லை. அடுத்த நாள் பின்னேரம் முனவ்வரா முகாமுக்குப் போனாள். ஸக்கியா வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க" என்று சொன்னாள். உள்ளே போய்க் கதிரை எடுத்து வரவில்லை. இருவரும் நின்றுகொண்டே கதைத்தார்கள்.

"ஸக்கியா, அது நான்தான்."

"தெரியும். கதவைப் பத்தி ஒங்களுக்கு மட்டும்தானே சொன்னன்."

"எனக்கு என்ன நடந்ததெண்டு தெரியா. நீ பாடினதக் கேட்டதிலயிருந்து எனக்கு நித்திரை இல்ல. அந்த ஒரு நாள்தான் எனக்கெண்டு இருந்திச்சு. அதையும் நீ..."

"நானா எடுத்தன்? கேட்டாங்க, தெரியும் எண்டன்." ஸக்கியா கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "ஒங்களுக்கு ஒரு நாள். எனக்கு? இருவத்தேழு வருஷமா இஞ்ச இரிக்கிறன். எந்த ஊர் எண்டு ஆரும் கேட்டா ஒங்களுக்கு ஒரு சொல்லில முடிஞ்சிடும். எனக்கு அதுக்கு ஒரு கதை சொல்லணும். எனக்கு ஒங்களப் பாத்து எரிச்சல் வராம இருந்ததெண்டா நினைக்கிறீங்க? ஒங்கட சட்டையப் போட்டுக்கிட்டு ஒங்கட வீட்டுக்கு முன்னால நடந்துபோன ஒவ்வொரு நாளும் எரிஞ்சிச்சு. ஆனா நான் ஒண்டும் எழுதல்ல."

"என்ன மன்னிச்சிடு," என்றாள் முனவ்வரா.

"மன்னிக்கிறது பொறகு பாப்பம். என்கிட்டச் சொன்னத அதிபருகிட்டச் சொல்லுங்க. பெட்டிசம் நீங்க எழுதினது, பதிலும் நீங்களே எழுதுங்க. அதே சிங்களத்துல."

மறுநாள் காலை முதல் பாடத்துக்கு முன்னே முனவ்வரா அதிபரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மஸாஹிர் சேர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சாதாரணமாகச் சத்தம் போடுகிற மனுஷன், அன்றைக்குச் சத்தம் போடவில்லை.

"நம்மட புள்ளைகளுக்கு நீங்கதானே சிங்களம் படிப்பிக்கிறீங்க," என்றார். "இதுக்குத்தானா?"

அவர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளிவைத்தார். அவள் உட்கார்ந்து எழுதினாள்: குறித்த முறைப்பாடு உண்மைக்கு மாறானது, பெற்றார் யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஸக்கியா ஆசிரியை இப்பள்ளியின் நீண்டகால ஆசிரியை. பெட்டிசத்தை எழுதியவர் அதை மீளப்பெறுகிறார் என்றும் எழுதச் சொன்னார் அதிபர். பேரை எழுதச் சொல்லவில்லை. அவள் தானாகவே எழுதினாள். இடமாற்றம் வந்தாலும் வரட்டும் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்தும் வைத்தாள். கடைசி எழுத்து கோணிப்போனது.

ஸக்கியாவைப் பாடச் சம்மதிக்கவைக்க அதிபர் முகாமுக்கு இரண்டு தரம் போகவேண்டியிருந்தது.

நாலாந் தேதி காலை காற்று குறைவாக இருந்தது. கொடி மேலே போய்ச் சேர்ந்தும் கொஞ்ச நேரம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டே நின்றது. முனவ்வரா ஆசிரியர் வரிசையில் பஸீனாவுக்கும் நூலகப் பொறுப்பாளருக்கும் நடுவில், பழைய பச்சைச் சாரியில் நின்றாள். ஸக்கியா மைக்கின் முன்னால் நின்று தொடங்கினாள். பிள்ளைகள் அவளோடு சேர்ந்தார்கள். வாசலில் நின்ற பெற்றாரும் சேர்ந்தார்கள். மீன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்த ஜபார்கூட, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு நேராக நின்று பாடினான். ஊர்க்காரன் யார், முகாம்காரன் யார் என்று குரலில் பிரிக்க முடியவில்லை.

முனவ்வரா வாயைத் திறந்தாள். இரண்டு நாளாகப் பாடமாக்கியிருந்தாள். ஆனாலும் சத்தம் எடுபடவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள். நெஞ்சில் அந்தப் பழைய எரிவு அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்டதால் அது அணையவில்லை என்பதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

விழா முடிந்து கிரிபத் பாற்சோறும் கட்டாச்சம்பலும் பரிமாறினார்கள். ஸக்கியாவைச் சுற்றி ஒரே கூட்டம். அவள் ஒருமுறை திரும்பி முனவ்வராவைப் பார்த்துத் தலையசைத்தாள். பக்கத்தில் வரவில்லை. முனவ்வராவும் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நளீர் முற்றத்தில் வலையைப் பரப்பிக் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தான். நடந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும். அவளே சொல்லியிருந்தாள்.

"எப்பிடி?" என்றான்.

"நல்லாப் பாடினா."

அவன் ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "ஒங்கள விடவா?"

முனவ்வரா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். அந்தப் பதிலைச் சொல்வதற்கு அவளுக்கு, அதிபர் அறைக்குள் நுழைய எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்தது.

"ஓம். என்ன விட நல்லா."

சொல்லிவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நளீர் கூப்பிடவில்லை. வலையின் அடுத்த கிழிசலைத் தேடி எடுத்து, மெதுவாகப் பொத்தத் தொடங்கினான்.