பதினான்காம் அறையின் உடுப்புகள்

மக்டலீன் அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக அதே சட்டைக் கழுத்தில் பெயர்த்துண்டைத் தைத்தாள். பேர்லின் நகரின் நொய்கெல்னில் அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எல்லோருடைய உடுப்பிலும் பெயரும் அறை எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சலவையில் கலந்துபோகும். பதினான்காம் அறை ஸ்தெஃபானியா மட்டும், தொண்ணூற்றேழு வயதிலும், அந்தத் துண்டைப் பல்லால் கடித்துப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மனிசியின்ர உடுப்பு ஒண்டிலயும் துண்டு இல்லை," என்று சலவையறையில் வேலை செய்யும் சுபானி குறைப்பட்டாள். "ஆற்ற உடுப்பெண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"நான் தைக்கிறன், அவ பிய்க்கிறா. எனக்கும் ஏலாமக் கிடக்கு, சுபானி."

காலையிலிருந்து எட்டுப் பேரைக் குளிப்பாட்டியிருந்தாள். முதுகு விண்விண்ணென்று வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தெஃபானியாவின் மகள் தனூத்தா வந்தாள். அவளுக்கே எழுபது தாண்டியிருந்தது. மக்டலீன் முறைப்பாடு சொல்வது போலத்தான் பேச்சைத் தொடங்கினாள். தனூத்தா அலுத்த குரலில் சொன்னாள். போர்க்காலத்தில், போலந்தில் சந்தைக்குப் போன இடத்தில் ஜேர்மன் படையினர் பிடித்து ரயிலேற்றியபோது அம்மாவுக்கு வயது பதினான்கு. பேர்லினில் மின்கம்பித் தொழிற்சாலை ஒன்றில் தினமும் பன்னிரண்டு மணி நேர வேலை. போலந்துக்காரி என்று தெரிவதற்காக, நெஞ்சில் மஞ்சள் துணியில் ஊதா நிறத்தில் 'பி' என்ற எழுத்தைத் தைத்திருக்க வேண்டும்.

"ஒரு ஞாயிறு அதைக் கழற்றிவிட்டுப் பூசைக்குப் போக டிராமில் ஏறியிருக்கிறார். பிடிபட்டு எட்டு வாரம் தண்டனை முகாமில் கிடந்தார். எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்."

மக்டலீன் ஊசியை எடுத்து வைத்தாள். அதன்பிறகு அவள் துண்டு தைக்கவில்லை.

துண்டு தைக்கும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார் மேற்பார்வையாளர். ஆகவே இரண்டு வாரமாக, வேலை முடிந்தபின் மாடியிலிருந்த சின்ன இயந்திரத்தில் ஸ்தெஃபானியாவின் உடுப்பைத் தானே தோய்த்தாள். பேருந்தைத் தவறவிட்டு வீடு போனபோது, "வேலை முடிஞ்சும் வேலையோ?" என்று கேட்டார் கணவர் பேனாட். விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

கடைசியில் சுபானியிடம் சொன்னாள். சுபானி ஒரு வலைப்பையை எடுத்துத் தந்தாள்.

"இதுக்குள்ள போட்டு அனுப்புங்கோ, அக்கா. பெயரைப் பையில எழுதிவிடுறன். அப்பிடியே தோய்ச்சு, அப்பிடியே தாறன்."

"மேல கேட்டா?"

"கேக்கட்டும்."

மறுநாள் மக்டலீன் ஸ்தெஃபானியாவுக்கு துண்டில்லாத நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டாள். கிழவி போலிஷ் மொழியில் ஏதோ திட்டினாள். காலைச் சாப்பாட்டுப் பாணில் பாதியைத் தின்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மக்டலீன் நாற்காலி ஓரத்தில் சற்று உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் மணி அடித்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி எழுந்து போனாள்.