தீர்ப்பு வந்த காலை

டெஸ்ஸாவுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. அதனால் எந்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் அவளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அலுவலகம் தரும் காப்பீட்டுக்காகவே பிடிக்காத வேலையில் கிடந்தாள். நோயைக் காட்டி மறுப்பதைத் தடுக்கும் புதிய சட்டத்துக்காக, அவள் தாய் ரோண்டா ஒஹாயோவில் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். சட்டம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

தீர்ப்பு நாளன்று ரோண்டா வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற வாசலில் நின்றாள்.

"சட்டம் செத்துப்போச்சு! டிவியிலயே சொல்லிட்டான். மூட்டையைக் கட்டும்மா!" என்று எதிர்க்கூட்டத்தில் ஒருவன் கூவினான்.

அப்போது உள்ளே தீர்ப்பைக் கேட்ட வக்கீல் ஜோலீன் படியிறங்கி ஓடிவந்தாள்.

"டிவிக்காரன் தீர்ப்பை முழுசாக் கேக்காம பாதியில எந்திரிச்சு ஓடியிருக்கான்! நம்ம சட்டம் நிக்குது! ஜெயிச்சுட்டோம்!"

ஆரவாரம் எழுந்தது. ரோண்டா அழுதுகொண்டே மகளைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"இனி எவனும் உன்னை வேண்டாம்னு சொல்ல முடியாதுடி!"

"அப்போ இன்னிக்கே வேலையை விட்டுட்டு பேக்கரி தொறக்கட்டுமா?"

"பொறுடி! சட்டம் முழுசா நடைமுறைக்கு வர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு."

"சரி, அதுவரைக்கும் மேனேஜரைப் பார்த்து சிரிச்சுட்டே இருக்கேன்."

ரோண்டா சிரித்த சிரிப்பில் எதிர்க்கூட்டமே திரும்பிப் பார்த்தது.