மாடிப்படிச் சுவரில் மாட்டிய கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது ஒரு விண்ணப்பப் படிவத்தில். போதைப் பழக்கத்திலும் மனச்சோர்விலும் சிக்கிய இளைஞர்களுக்காக என் அண்ணி ஓர் உதவி மையம் நடத்துகிறார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஓர் ஆலோசகர், லொடலொடக்கும் மின்விசிறி ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் நிதி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு எழுத வேண்டும். அதில் பதினான்காவது கேள்வி: 'ஒரு பயனாளியின் வெற்றிக் கதை. இருநூறு சொற்களுக்குள்.'

"கதைதானே கேக்கறாங்க? உனக்கென்ன, உக்காந்தா எழுதிடுவே," என்றார் அண்ணி போன வருடம். எழுதினேன். அதுதான் நான் செய்த தப்பு.

(இப்படி நிறுத்தினால் ஏதோ மர்மக்கதை மாதிரி இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.)

சில்வண்டு என்று ஒரு பெண். இருபது வயது. ஓயாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். வலி மாத்திரைக்கு அடிமையாகி மையத்துக்கு வந்தவள், அப்போது எட்டு மாதமாக அதைத் தொட்டிருக்கவில்லை. அவள் சம்மதத்தோடு, பெயர் போடாமல் எழுதினேன். கடைசி வரி: 'இன்று அவள் முற்றிலும் மீண்டுவிட்டாள்.' நிதி வந்தது. அறக்கட்டளைக்காரர்கள் என் கதையைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு அனுப்பினார்கள். அண்ணி அதை மாடிப்படிச் சுவரில் மாட்டினார்.*

* 'இப்போதைக்குப் பரவாயில்லை' என்று முடிக்கத்தான் அண்ணி சொன்னார். அதில் கெத்து இல்லையே என்று நான்தான் மாற்றினேன்.

2

இந்த வருடம் பதினான்காவது கேள்வி மாறியிருக்கிறது: 'சென்ற ஆண்டு கதையில் வந்தவர் இப்போது எப்படி இருக்கிறார்?' இன்று மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். நிதி நின்றால் மாதக் கடைசியில் மையத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

முதல் முயற்சி: 'அவள் இப்போது ஓர் அச்சகத்தில்—'

இல்லை. அந்த வேலை போய் மூன்று மாதமாகிறது. அதோடு மையத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது: 'சிறு சறுக்கல்களுக்குப் பிறகு—'

சறுக்கலாம், சறுக்கல்! எழுதிய கையை ஒடிக்க வேண்டும்.

3

இனி அண்ணியைப் பார்ப்போம். நான் ஓரமாக இருந்துகொள்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணி. அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். படியேறி வந்த காலடிச் சத்தம் பாதியிலேயே நின்றது. எட்டிப் பார்த்தார். சட்டத்துக்கு முன்னால் சில்வண்டு. கண்கள் உள்ளே போயிருந்தன.

"என்னடி அங்கேயே நின்னுட்டே? மேல வா."

"வரலாமாக்கா?"

"இதென்ன கேள்வி?"

"இதுல நான் நல்லாயிட்டேன்னு போட்டிருக்கே. மூணு தடவை வந்தேங்க்கா. இதைப் படிச்சிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டேன். மறுபடியும் மாத்திரை போடறேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது?"

அண்ணி இறங்கிப் போய்ச் சட்டத்தைக் கழற்றினார். அவள் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தார்.

4

முடிவுகள்:

அ) பொய் எழுதுவது. நிதி அநேகமாக வரும்.

ஆ) உண்மையை எழுதுவது. விழுந்தவள் திரும்பப் படியேறி வந்தாளே, அதுதான் வெற்றி என்று. ஆனால் எங்கேயோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது 'நம் காசு வீண்' என்று பட்டுவிட்டால்?

இ) வேறொருவரை அவளாகக் காட்டி— (சீ. இது வேண்டாம்.)

அண்ணி தயங்கவில்லை. படிவத்தையும் நிதி விஷயத்தையும் சில்வண்டிடம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "உள்ளதை உள்ளபடி எழுதப்போறேன். ஆனது ஆகட்டும். உனக்குச் சம்மதமா?"

"வேணாம்க்கா. நல்லா இருக்கேன்னே எழுதுங்க."

"பொய் எழுதச் சொல்றியா?"

"இதை இழுத்து மூடிட்டா, நான் நல்லா இல்லாதப்ப எங்கக்கா போவேன்?"

அண்ணி பேனாவை மூடி வைத்தார். என்னிடம் இந்த இடத்தில் வேறொரு வசனம் தயாராக இருந்தது. தைரியமாக, நிமிர்ந்து நின்று அவள் பேசுகிற மாதிரி. அவள் அதைப் பேசவில்லை.

5

மணி நாலே முக்கால். சில்வண்டு உள்ளறையில் ஆலோசகரோடு இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. அண்ணி படிவத்தை என் பக்கம் தள்ளினார். "போன தடவை நீதானே முடிச்சே. இப்பவும் முடி."

என்னால் ஆகாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தாருங்கள், பேனாவை நீங்கள் பிடியுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கதவைத் தட்டி, அவள் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.