முத்திரை அக்காவின் கை

...அப்படியே அவங்க மாதிரியே இருக்கீங்க மேடம் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், அவளுக்கு என்ன, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், கழுத்தளவு வெட்டிய முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே எதை வேண்டுமானாலும் சொல்லலாம், நான் அவங்க மாதிரி இல்லடி, அவங்கதான் என் மாதிரி என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தேன். இரண்டு மணிக்குள் பதில் வேண்டுமாம். அலுவலக ஆண்டு விழாவில் ‘மூணாவது மாடி’ டி.வி. தொடரிலிருந்து ஒரு காட்சி போடப்போகிறார்கள், மேலாளராக அந்த மூக்குக்கண்ணாடிப் பையன், வரவேற்பறைப் பெண்ணாக இவள், முத்திரை அக்காவாக நான். வேஷமே வேண்டாமாம். நீங்க சும்மா வந்து நின்னாலே போதும் மேடம், கைதட்டல் பிச்சுக்கும்... அதுகூடப் பரவாயில்லை, வாசல் வரை போனவள் திரும்பி நின்று கேட்டாளே, நிஜமா சொல்லுங்க மேடம், அந்தத் தொடரைப் பாத்துப் பாத்துதானே உங்களுக்கு இந்தப் பழக்கமெல்லாம் வந்துச்சு? நான் அவளைப் பார்த்து அடித்த காப்பியாம்! இருபத்தெட்டு வருடமாக இதே மூன்றாவது மாடி ஆவண அறையில், இதே சன்னலோரத்தில், இதே மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் காப்பி!

மணி ஒன்று பத்து. கட்டடம் கட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகம் இது, ஊரில் எழும்பியிருக்கும் ஒவ்வொரு வீட்டின் வரைபடமும் இந்த அறையில் ஒரு கோப்புக்குள் மடித்துக் கிடக்கிறது, எவன் வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், என் முகம் எவனுக்கும் தெரியாது, ஆனால் என் பேனாவைத் தெரியும். மேசைக் காலில் சணல் கயிற்றால் கட்டிய பேனா. என் பழுப்பு நிறப் பதிவேட்டைத் தெரியும். கோப்போ, அளவுகோலோ, ஸ்டேப்ளரோ, கையெழுத்துப் போடாமல் எதுவும் இந்த மேசையை விட்டு நகராது, திரும்பி வந்தால் ‘பெறப்பட்டது’ என்று நான் ஒரு முத்திரை குத்துவேன், அவ்வளவுதான், அதில் என்ன சிரிப்பு? தொடரில் ஒருவன் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலி கேட்கிறான், முத்திரை அக்கா பதிவேட்டை நீட்டுகிறாள், அவன் வியர்த்து வழிய கையெழுத்துப் போடுகிறான், தேதி போடலியே தம்பி என்கிறாள், உலகமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் அப்படிச் செய்ததே இல்லை. செய்யவே மாட்டேனா... தேதி கேட்டிருப்பேனோ?

அவனைத்தான் சொல்ல வேண்டும், தற்காலிகத்தை. அவனுக்கு நாங்கள் வைத்த பெயரே அதுதான். பிரசவ விடுப்பில் போனவளுக்குப் பதிலாகப் பதினோரு மாதம் வந்தவன், எதிர் மேசை, ஒல்லி, எப்போதும் வீணாய்ப்போன படிவங்களின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பான், வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன், பாவமாம், என்னையே எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் என் சணல் கயிறு வந்தது. என் கண்ணாடிச் சங்கிலி. நாற்காலியில் நான் போட்டுக்கொள்ளும் பூப்போட்ட மெத்தை. என் கணவர் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார், ஏய், இது நீதாண்டி, உங்க ஆஃபீஸ்ல எவனோ எழுதிட்டாண்டி... பிறகு என் முகத்தைப் பார்த்தார், எழுந்து அணைத்துவிட்டார், மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதோடு சரி, அந்தத் தொடர் என் வீட்டில் ஓடியதில்லை. என் வீட்டில் ஓடாவிட்டால் என்ன, எதிர்வீட்டில் ஓடியது, மேல்வீட்டில் ஓடியது, எட்டு மணிக்குக் குப்பை கொட்டத் தெருவுக்குப் போனால் எல்லா சன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே சிரிப்பு வரும், நான் வாளியோடு நடுவில் நிற்பேன். ஆறு வருடம் ஓடி முடிந்தது, அப்பாடா என்றிருந்தேன், முடியவில்லை, மதியம் மறு ஒளிபரப்பு, ஞாயிறு முழுக்க மறு ஒளிபரப்பு, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், இப்போது ஃபோனில், பேருந்தில் பக்கத்து சீட்டில் ஒருத்தி காதில் மாட்டிக்கொண்டு குலுங்குகிறாள், எட்டிப்பார்த்தால் என் மெத்தை. ஏன் சாகமாட்டேன் என்கிறது இது?

மகளிடமே கேட்டேன், போன மாதம்தான். தூர ஊரில் தனியறையில் இருக்கிறாள், காய்ச்சல் என்று சொன்னாள், பின்னால் அந்தத் தொடரின் இசை கேட்டது. அணைச்சுட்டுத் தூங்கேண்டி, அதுல என்னதான் இருக்கு என்றேன். அம்மா, கோச்சுக்காதே, நான் பாக்கக்கூட இல்ல, சத்தம் மட்டும் போதும், பக்கத்து ரூம்ல நாலு பேரு வேலை பாத்துட்டு இருக்கிற மாதிரி இருக்கு, அதுல ஒண்ணுமே ஆகாதும்மா, அதான் நல்லாருக்கு... முத்திரை அக்கா யாரையாவது திட்டினா நீ வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கு. நான் ஃபோனில் இருக்கிறேன், இவள் அந்த முத்திரை அக்காவைக் கேட்கிறாள்! ஆனால் ஒன்று சரியாகச் சொன்னாள். ஒண்ணுமே ஆகாது. அதுதான் அதன் மாயம், ஆறு வருடம் அதே ஏழு பேர் அதே ஏழு நாற்காலியில், எவ்வளவு பெரிய தப்புச் செய்தாலும் மேலாளர் தலையில் கை வைத்துக்கொள்வார், மறுநாள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அந்த அலுவலகத்தில் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பொய். அப்பட்டமான பொய். அலுவலகம் அப்படி இருக்காது என்று அவனுக்குத் தெரியும், தற்காலிகத்துக்கு நன்றாகவே தெரியும், நானே சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிட்டான், கயிற்றை எடுத்துக்கொண்டான், மெத்தையை எடுத்துக்கொண்டான், ஏன் என்பதை விட்டுவிட்டான், காரணம் இல்லாமல் கையெழுத்துக் கேட்டால் யாராக இருந்தாலும் கோமாளிதானே.

காரணம் படிக்கட்டு அண்ணன். கோப்புகளை மாடிக்கு மாடி சுமக்கிற அட்டெண்டர், மின்தூக்கியில் ஏறவே மாட்டார், நடுவுல நின்னுட்டா கதையை யார்கிட்டம்மா சொல்றது என்பார். முந்தின ராத்திரி டி.வி.யில் பார்த்த நகைச்சுவையை ஆளுக்கு ஆள் குரல் மாற்றிச் சொல்லிக்கொண்டே ஏறுவார், தரைத்தளத்தில் தொடங்கினால் எங்கள் மாடிக்கு வரும்போது சரியாக முடியும், கடைசிச் சிரிப்பு மட்டும் எங்களுக்குக் கிடைக்கும். எதையும் பாதியில் விட்டு எழமாட்டார். கடைசியில பேரெல்லாம் ஓடுதுல்ல, அதையும் ஓடி முடியிற வரைக்கும் உட்கார்ந்து பாப்பேம்மா, அதையும் ஒருத்தன் உட்கார்ந்து எழுதியிருக்கான்ல... நான் சேர்ந்து இரண்டாம் வருடம், ஒரு வீட்டுக் கோப்பு காணாமல் போனது. வாரா வாரம் வந்து கேட்கிற வீட்டுக்காரர், பெரிய இடம், கூச்சல். மேல்மாடியில் எடுத்ததற்குப் படிக்கட்டு அண்ணன் கையெழுத்து இருக்கிறது. என்னிடம் கொடுத்ததற்கு எதுவும் இல்லை, அப்போது வாங்குகிற வழக்கமே இல்லை. இந்த அம்மா மேசையில வச்சேன் சார் என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பாக்கல சார் என்றேன். பொய் இல்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான், அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், மறுநாளிலிருந்து படிக்கட்டில் சத்தம் இல்லை. மூன்று மாதம் கழித்து மேல் இழுப்பறை மூடவில்லை, முட்டிக்கொண்டது, முழுசாக வெளியே உருவிவிட்டு உள்ளே கையை விட்டேன், பின்பலகைக்கும் இழுப்பறைக்கும் நடுவில் விழுந்து வளைந்து கிடந்தது அந்தக் கோப்பு. மேசையில் கிடந்ததை நான்தான் மற்றவற்றோடு சேர்த்து அள்ளி உள்ளே திணித்திருக்கிறேன். அன்று மேலாளர் அறை வரைக்கும் போனேன். கதவு வரைக்கும். பிறகு திரும்பி வந்து கோப்பை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன், இரண்டு நாள் கழித்து யாரோ, அட, இங்கதான் இருக்கு என்றார்கள். மறுநாள் காலை கடைக்குப் போய்ச் சணல் கயிறு வாங்கினேன்.

இதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு மழை மதியம், மின்சாரம் இல்லை, மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்தார்கள், எதுக்கு மேடம் ஸ்கேலுக்குக்கூடக் கையெழுத்து என்று தற்காலிகம் கேட்டான், கிண்டலாகக் கேட்கவில்லை, அதனால் சொல்லிவிட்டேன், இருட்டில் முகம் தெரியவில்லை, அதனாலும் சொல்லிவிட்டேன். அப்புறம் அவரைப் பாத்தீங்களா என்று மட்டும் கேட்டான். விளக்கு வந்துவிட்டது, நான் பதிவேட்டைத் திறந்துகொண்டேன். அன்று நான் பதில் சொல்லியிருந்தால்... என்ன சொல்லியிருப்பேன்? இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் போதவில்லை, அவனைத் திட்ட மட்டும் போதும் போலிருக்கிறது.

மணி ஒன்று ஐம்பது. கழுத்துமுடிக்காரி ஃபோனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள், மேடம் நீங்க மறுக்கவே கூடாது, உங்களுக்குன்னே ஒரு இடம் எடுத்து வச்சிருக்கேன், இதை மட்டும் பாருங்க. எனக்கு வேணாம் என்றேன். ஒரே நிமிஷம் மேடம், தோ, பேரு ஓட ஆரம்பிச்சுடுச்சு, அடுத்த எபிசோட்னு பட்டன் வரும், அமுக்கிடாதீங்க, பாதிப்பேர் அதை அமுக்கிட்டே இதைப் பாக்காம விட்டுட்டாங்க. திரையின் ஓரத்தில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. மறுபக்கம் அலுவலகம் காலி, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, முத்திரை அக்கா தோளில் பையை மாட்டிக்கொண்டு தன் மேசைக்கு வருகிறாள், மேல் இழுப்பறையை முழுசாக வெளியே உருவி மடியில் வைத்துக்கொள்கிறாள், அந்த இருட்டுப் பொந்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுகிறாள். சிரிப்புச் சத்தம் இல்லை. இசை இல்லை. கையை எடுத்து இடுப்பில் துடைத்துக்கொண்டு, இழுப்பறையைப் பொருத்திவிட்டுப் போகிறாள். தினமும் ஐந்தரைக்கு நான் செய்வது. எல்லோரும் போன பிறகு நான் செய்வது.

எல்லா எபிசோட்லயும் இது உண்டு மேடம், நூத்தி அறுபத்தெட்டு தடவை, ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது, நெட்ல பெரிய சண்டையே நடக்குது, மிட்டாய் ஒளிச்சு வச்சிருக்கான்னு ஒரு கூட்டம், லவ் லெட்டர்னு ஒரு கூட்டம், எழுதினவர்கிட்ட எத்தனையோ பேர் கேட்டுட்டாங்க, அது நான் சொல்ற கதை இல்லன்னுட்டாராம், என்ன திமிரு பாருங்க. விரலால் திரையைத் தள்ளினாள். இது கடைசி எபிசோட். அதே இருட்டு, அதே பை, கை உள்ளே போகிறது, துழாவுகிறது, நிற்கிறது. அந்த நடிகையின் முகம் மாறுகிறது. எனக்குக் கண்ணாடி பார்க்கிற மாதிரி இருந்தது, கோப்பு கிடைத்த அன்று நான் எந்தக் கண்ணாடியும் பார்க்கவில்லை, ஆனால் அதுதான் முகம். திரை கறுத்துவிட்டது. அவ்வளவுதான் மேடம், காட்டவே மாட்டாங்க! என்னவா இருக்கும்?

தற்காலிகம் யாரைக் கேட்டு இதை வைத்தான்? என் முதல் கோபம் அதுதான், இதையும் எடுத்துக்கொண்டானா, இதையுமா... ஆனால் எடுத்துக்கொண்டு யாரிடமும் கொடுக்கவில்லையே. பார்க்காதவர்களின் இடத்தில் வைத்திருக்கிறான். எல்லோரும் எழுந்து கை கழுவப் போகிற நேரத்தில், பட்டனை அமுக்கிவிடுகிற நேரத்தில். அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள்? பெயரெல்லாம் ஓடி முடிகிறவரை யார்தான் எழாமல்... சணல் கயிறு விரலில் சுற்றியிருந்தது, எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை. படிக்கட்டு அண்ணன். எட்டு மணித் தொடரை அவர் விட்டிருக்க மாட்டார், அதுவும் ஓர் அலுவலகம், அதுவும் மூன்றாவது மாடி. மேசையைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். பிறகு அந்தக் கை. நூற்று அறுபத்தெட்டு தடவை. அந்த மேசையில் கோப்பை வைத்தவர் அவர், எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அந்தக் கை எதைத் தேடுகிறது என்று தெரியும், கடைசி நாளில் எது கிடைத்தது என்றும்.

மேடம், மணி ரெண்டு, பண்றீங்கதானே? அவள் கை அதுபாட்டுக்கு என் ஸ்டேப்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தது. கையெழுத்து என்றேன், குரல் அந்தத் தொடரில் வருகிற மாதிரியே வந்தது, அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பதிவேட்டின் மேல் குனிந்தாள். விழாவுக்குப் பழைய ஆளுங்களையெல்லாம் கூப்பிடுவீங்களா என்று கேட்டேன். ரிட்டயர் ஆனவங்க எல்லாருக்கும் போகுது மேடம். வேலையை விட்டு அனுப்பினவங்களுக்கு? அவள் நிமிர்ந்தாள், அப்படி யாரு மேடம் இருக்கா? தேதி போடு என்றேன், போட்டாள், போய்விட்டாள், பண்றேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, எனக்கு அது இல்லை இப்போது, எனக்கு அந்த எட்டு மணித் தெருதான், கையில் குப்பை வாளி, எல்லா சன்னல்களிலிருந்தும் ஒரே சிரிப்பு, இத்தனை வருடமாக அதை எண்ணி எண்ணித்தானே எரிந்துகொண்டிருந்தேன், அதில் படிக்கட்டு அண்ணனுடைய சிரிப்பும் இருந்ததா... எங்கோ ஓர் ஊரில், பெயரெல்லாம் ஓடி முடித்த பிறகும் எழாமல், ஒரு வீடு மட்டும் சத்தமில்லாமல் இருந்திருக்குமா?